படிப்புக் கணக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்கள் சுகம். மூன்று மாடி ஏறுவதற்குள்தான் மூச்சு வாங்குகிறது. எங்கள் கட்டிடத்து லிஃப்ட் போன மாதமே நின்றுவிட்டது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற உங்கள் மாப்பிள்ளை இதை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், "அது வேற கம்பெனி லிஃப்ட். நான் கை வச்சா என் வேலை போயிடும்" என்கிறார்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். பல் செட் செய்யும் எங்கள் லேபில் இந்த வருடத்திலிருந்து சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, வரி இல்லாமல் சேர்த்து வைக்கப் போகிறார்களாம். முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஓய்வுக்காலக் கணக்கு, மருத்துவக் கணக்கு, பிள்ளைகளின் படிப்புக் கணக்கு என்று மூன்று இருக்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். மெழுகில் பல் வரிசை வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். இதெல்லாம் எனக்கு ஓடவில்லை. நீங்கள்தான் ஊருக்கெல்லாம் வரி மிச்சம் பிடித்துக் கொடுப்பவர். எதை எடுக்கட்டும்?

அந்தப் படிப்புக் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

காது கேட்காதவனுக்கு எதற்குப் போன் என்று வீட்டுப் போனை எடுத்துவிட்டீர்கள். அதனால் பதிலுக்கு ஒரு வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

அன்புத் தங்கை

-

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம், இருக்கிற வயசுக்கு ஏற்ற மாதிரி. உன் அண்ணியின் முழங்கால் அவளை விடப் பிடிவாதம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சம்பளப் பிரிவில் நான் உட்கார்ந்ததிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். மிஷின் தளத்தில் இருந்து காதைத் தொலைத்தவனுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். அதில் ஒரு வசதி, நான் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும், எதிர்த்துப் பேசினால் எனக்கு விழாது. நீயும் அப்படியே கேள்.

ஓய்வுக்காலக் கணக்கை எடு. கண்ணை மூடிக்கொண்டு எடு. நீ போடுகிற பணத்துக்கு வரி இல்லை. நீ போடுவதில் பாதியை உன் முதலாளியம்மாவும் போட்டாக வேண்டும். அறுபது வயது வரை தொட முடியாது என்பதுதான் குறை என்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அதன் அழகு. கையில் கிடைத்தால் நீ செலவழித்துவிடுவாய். மருத்துவக் கணக்கு உன் வயசுக்கு இன்னும் அவசியமில்லை.

படிப்புக் கணக்கில் முதலாளி பங்கு கிடையாது. படிப்பைத் தவிர வேறு எதற்கு எடுத்தாலும் விட்டுக்கொடுத்த வரியையும் வாங்கிக்கொண்டு, மேலே அபராதமும் போடுவார்கள். படிப்புக்குக் கடன் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிழவி ஒருத்திக்குச் சாப்பாட்டுக்குக் கடன் கொடுக்கிற வங்கி எங்கேயும் இல்லை. நீ செய்த பல் செட்டை நீயே ஒரு நாள் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டாமா? அதுவும் இல்லாமல், அந்தக் கணக்கு பிள்ளை குட்டி இருப்பவர்களுக்கு. உனக்கு எதற்கு அது?

எழுதின பிறகுதான் எனக்கே உறைத்தது. அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. நாங்களும் அப்படியே இருப்பவர்கள்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

-

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா, அண்ணி,

எல்லோரும் சுகம்தானே? மனசில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். படிப்புக் கணக்குக்குத்தான் கொடுத்தேன். திட்டுவதற்கு முன்னால் அடுத்த வரியையும் படித்துவிடுங்கள்.

எனக்கு நாலாவது மாதம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு தடவை உங்களிடம் ஓடி வந்து சொன்னேன். இரண்டு தடவையும் அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லியே நொந்து போனேன். அதனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. லேபில் கூடப் பக்கத்து மேஜைக்காரிக்கு மட்டும்தான் தெரியும். பிளாஸ்டர் தூசி பறக்கிற வேலையை எனக்குப் பதில் அவள்தான் செய்கிறாள். நேற்று டாக்டரம்மா, "இந்தத் தடவ தைரியமா சொல்லலாம்மா" என்றார். முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

பிறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தொடங்கலாமாம். அதுவரைக்கும் என் பேரில் இருக்கும். பிறந்த பிறகு பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். நாற்பது வயதில் பிள்ளை பெறுகிறேன். அது காலேஜுக்குப் போகும்போது நான் எந்த நிலையில் இருப்பேனோ. எனக்குப் பிறகும் அதற்கு என்று ஒன்று இருக்கட்டும். என் கிழவி வயசுக்கு நான் சமாளித்துக்கொள்கிறேன்.

கோபம் இருந்தாலும் பதில் போடுங்கள்.

தங்கை

-

பிப்ரவரி 27

என் வாலுவுக்கு,

நாங்கள் சுகம். சுகம் என்று சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகம். உன் கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டு நான் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். அவள் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை, ஆனால் புரிந்தது.

நான் சொன்ன கணக்கு சரியான கணக்குதான். இப்போது யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உன் விஷயத்தில் நான் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. நம் குடும்பத்தில் அடுத்து ஒரு ஆள் வருகிறது. நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். தாய்மாமன் என்று ஒருத்தன் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அதற்குப் படிக்க வழியில்லாமல் போய்விடுமா?

விதிமுறையைத் தேடிப் பார்த்தேன். நெருங்கிய உறவினரும் அந்தக் கணக்கில் பணம் போடலாம். இந்த மாதத்திலிருந்து என் சம்பளத்திலும் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே. என் ஓய்வுக்காலக் கணக்கில் இருப்பது எங்கள் இரண்டு பேர் பசிக்குத் தாராளம்.

மாடிப்படியை மெதுவாக ஏறு. மாப்பிள்ளையின் கம்பெனி விசுவாசத்தைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டு, அந்த லிஃப்டைத் திறந்து பார்க்கச் சொல்.

அண்ணனும் அண்ணியும்

-

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா, அண்ணி,

அண்ணி அனுப்பிய பருத்தித் துணி வந்து சேர்ந்தது. உங்கள் காதுக்குப் புது மிஷின் வாங்கப் பணம் சேர்த்தீர்களே, வாங்கினீர்களா, இல்லை அந்தப் பணமும் எங்கள் கணக்குக்குத்தான் வந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். காலில் கொஞ்சம் வீக்கம், ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி படுத்தால் உள்ளே ஒரே ஆட்டம். உங்கள் மாப்பிள்ளை கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மோட்டார் நல்லா ஓடுது" என்கிறார். சின்ன அறையில் அவருடைய கருவிப் பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுச் சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தார். ஜன்னல் சட்டம் பாதியில் நிற்கிறது. பெயின்ட் வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

கணக்குப் புத்தகம் வந்துவிட்டது. அண்ணா, உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகுமுன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ஒரு பெயர் மனசில் இருக்கிறது. பிறந்த பிறகு சொல்கிறேன்.

தங்கை

-

மே 24

அன்புள்ள வாலு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ரத்த அழுத்தம் இறங்கியதா? ஏப்ரலில் வந்த கடிதத்துக்கு உடனே பதில் போட்டேன், அதற்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தொலைத்தாரா, நீ சோம்பேறி ஆகிவிட்டாயா? இந்த நேரத்தில் சோம்பேறியாக இருப்பதில் தப்பில்லை. மாப்பிள்ளையை ஒரு வரி கிறுக்கச் சொல்லலாமே.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாதப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கேன்டீன்காரர் கூட என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்திக் கேட்கிறார், "மருமகன் வந்தாச்சா சார்?" என்று. மருமகளாகவும் இருக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில் போடு.

அண்ணன்

-

ஜூன் 9

அண்ணா,

கடிதம் வந்தது. பதில் போடாததற்கு மன்னியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். படிப்புக் கணக்கை நிறுத்திவிட்டு, இருக்கிற பணத்தை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்ற முடியுமா? நீங்கள் முதலில் சொன்னதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் போடுவதையும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அவரும் போகிறார். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை

-

ஜூன் 16

என் அசட்டு வாலுவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுதவே இல்லையே? எட்டாம் மாதத்தில் எதற்கு வேலைக்குப் போகிறாய்? லீவு போடு. முதலாளியம்மாவுக்கு நான் எழுதட்டுமா?

கணக்கை மாற்றுவதாவது. பயந்துவிட்டாய், அவ்வளவுதான். செலவெல்லாம் கண்முன்னே வந்து நிற்கும்போது எல்லாப் பெண்களுக்கும் இப்படி ஒரு பயம் வருமாம். ஒன்று சொல்கிறேன் கேள். பிப்ரவரியில் நான் எழுதியதை மறந்துவிடு. அப்போது நான் எழுதியது கூலிக் கணக்கு. உனக்கு வயதானால் சோறு போட அந்தப் பிள்ளை இருக்கும், அதற்குத் தெம்பு வர நான் இருக்கிறேன். அந்தப் பணத்தில் கை வைக்க விடமாட்டேன். நான் போடுவதையும் நிறுத்தப் போவதில்லை.

உன் அண்ணி உன் கடிதத்தை இரண்டு தடவை வாங்கிப் படித்தாள். ஒரு காகிதத்தில், "இதில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே" என்று எழுதிக் காட்டினாள். "பணத்தப் பத்திக் கேக்கறவ பணத்தப் பத்தித்தான் எழுதுவா" என்றேன். அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கீழே இருப்பது உனக்கு இல்லை. வயிற்றில் இருக்கிற ஆளுக்குப் படித்துக் காட்டு.

மருமகப் பிள்ளைக்கு மாமா எழுதுவது. உன் அம்மா பயந்தாங்கொள்ளி, அவள் பேச்சைக் கேட்காதே. டாக்டருக்குப் படிக்கிறாயோ, லிஃப்ட் ரிப்பேருக்குப் படிக்கிறாயோ, அது உன் இஷ்டம். எதுவும் படிக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவதாக இருந்தாலும் சரிதான், அபராதத்தை நான் கட்டிக்கொள்கிறேன். நீ பேசினால் எனக்குக் கேட்கும் என்றுதான் நினைக்கிறேன். பத்திரமாக வந்து சேர்.

அண்ணன்

-

ஜூலை 5

அண்ணா, அண்ணி,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

மே மாதம் நாலாம் தேதி அவள் பிறந்தாள். பெண். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருகிற மாதிரி ஆகிவிட்டதால், நாள் இருக்கும்போதே எடுத்தார்கள். காலையில் பிறந்தாள், சாயங்காலம் வரை இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட்டை வழியாக இவர் விரலைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டாளாம். என்னைத் தள்ளு நாற்காலியில் கூட்டிப் போனபோது விளக்கு ஏற்றும் நேரம். அப்போது கையில் கொடுத்தார்கள். சூடாகத்தான் இருந்தாள். நான் கொஞ்ச நேரம் நம்பவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இவர் உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது நான்தான் பேனாவைப் பிடுங்கினேன். பழையபடி எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்று முதலில் நினைத்தேன். அப்புறம் உங்கள் மே மாதக் கடிதம் வந்தது. அதைப் பிரித்தால் அதில் அவள் இன்னும் வரப் போகிறவளாக இருந்தாள். இந்த வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, உங்கள் கடிதத்தில் மட்டும் இருந்தாள். உங்களுக்குச் சொல்லிவிட்டால் அங்கேயும் இல்லாமல் போய்விடுவாள். இன்னும் ஒரு கடிதம் வரட்டும், இன்னும் ஒன்று வரட்டும் என்று இருந்துவிட்டேன். பணத்தை நிறுத்தச் சொன்னால் நீங்களே புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அவளுக்கே கடிதம் எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் மேலே ஓடி வந்தார்கள்.

பிரசவ மாதம் வந்துவிட்டது, பிறந்ததும் பெயரை அனுப்பவும் என்று இந்தக் கணக்குகளை நடத்துகிற அரசுக் கணக்குப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணி என்னை மன்னிக்க வேண்டும்.

தங்கை

-

ஜூலை 12

அம்மா,

உன்னை நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நீ மன்னிப்புக் கேட்காதே. இரண்டு மாதம் நீ தனியாகச் சுமந்துகொண்டிருந்தபோது நான் ஆபீஸில் மிட்டாய் வாங்கிக் கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உன் அண்ணிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நான்தான் மரம் மாதிரி இருந்தேன். அவள் அழுகிறாள். எனக்கு அழவும் வரவில்லை, உட்காரவும் முடியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தேன். லீவு போட்டுவிட்டுக் கணக்குப் பிரிவின் தலைமை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

படிப்புக்கு இல்லாமல் கணக்கை மூடினால் வரியும் அபராதமும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் ஓய்வுக்காலக் கணக்குக்குத் தருவார்கள். பிள்ளை இறந்திருந்தாலும் அப்படித்தானாம். ஆனால் ஒரு வழி இருக்கிறது. முதல் வருடத்துக்குள் 'தவறுதலாகத் தொடங்கப்பட்ட கணக்கு' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தால் முழுப் பணமும் அப்படியே மாறும். எதுவும் போகாது. காரணம் எழுத வேண்டாம், தேதி எழுத வேண்டாம். யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். படிவத்தை நானே நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

சாப்பிடு. தூங்கு. மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள், அவரும் பாவம்.

அண்ணன்

-

ஜூலை 22

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் கடிதம் தனியாக வந்தது. அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எங்கள் உடம்பு பரவாயில்லை. இரண்டு பேரும் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுகிறோம்.

எனக்காக அலைந்து விசாரித்துப் படிவம் வரைக்கும் நிரப்பி அனுப்பினீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "தவறுதலாவா?" என்றார். தாளை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டார்.

எத்தனையோ வருஷம் காத்திருந்து, யாருக்கும் தெரியாமல் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து ஏறி, நான் தெரிந்துதான் தொடங்கினேன் அண்ணா. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் தொடங்கினேன். அவள் ஒரு நாள் பொழுது இருந்தாள். தவறுதலாகத் தொடங்கியது என்று என் கையால் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நானே அதை நம்பிவிடுவேன்.

அதனால் கணக்கை மூடுகிற இன்னொரு படிவம் வாங்கி வந்தேன். அவளுக்கு வைத்திருந்த பெயரை எழுதினேன். பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. இரண்டிலும் மே நாலு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போகிற பணம் போகட்டும். அதில் உங்கள் பணமும் போகிறது. வாழ்க்கை முழுக்க ஒருத்தருக்கும் ஒரு காசு வரி அதிகமாகப் போகாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

தங்கை

-

ஆகஸ்ட் 8

என் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

இங்கே இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று கணக்குப் பிரிவிலிருந்து, கணக்கை முடித்த சீட்டின் நகல் ஒன்று எனக்கும் வந்தது. பணம் போட்ட உறவினர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நேரிலேயே போனேன். அங்கே இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று பென்சிலால் எழுதிக் காட்டினாள். "அந்த ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காதே சார்." இதைத்தான் நானும் உனக்கு எழுதினேன். உன் துக்கத்தில் உனக்கு ஒரு சுமை குறையட்டும் என்று நினைத்தேனே தவிர, என்ன எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை. எனக்கு வலிக்கும் என்று எழுதியிருந்தாய். அப்படி எழுதச் சொன்னது வலித்தது. பணம் வலிக்கவில்லை.

"பிடிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நகல் இப்போது என் முன்னால் இருக்கிறது. மேலே அவள் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். இந்தத் தாளில்தான் முதல் தடவையாக அந்தப் பெயரைப் பார்த்தேன். நல்ல பெயர். அதற்குக் கீழே அபராதம், அதற்குக் கீழே வரி, கடைசியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை. எத்தனையோ பேரின் தாளைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இதற்கு முன் தோன்றியதில்லை. இல்லாத ஆளிடம் எவரும் வரி வாங்குவதில்லை. அவள் பெயரில் வாங்கியிருக்கிறார்கள் என்றால் அவள் இருந்தாள் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நான் பார்த்த வரிச் சீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது இது ஒன்றுதான். அசல் உன்னிடம் வரும், பார்த்துக்கொள். உடம்பையும் பார்த்துக்கொள். வியாழக்கிழமை வண்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமா